பழைய உயர்ரக டிவியில் டிஜிட்டல் சேனல்: பெட்டி போதுமா, புது டிவி வேண்டுமா?

2008, 2010 வாக்கில் பெரிய விலை கொடுத்து வாங்கிய டிவிகள் இன்னும் பல வீடுகளின் ஹாலில் இருக்கின்றன. சோனி ட்ரினிட்ரான், முதல் தலைமுறை பிராவியா, பேனசோனிக் பிளாஸ்மா. வாங்கிய காலத்தில் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போன டிவிகள் இவை. படம் இன்றைக்கும் பளிச்சென்று வரும், ஸ்பீக்கரும் கணீரென்று இருக்கும். ஆனால் கேபிள் ஒயரை நேரடியாகச் சொருகினால் திரையில் புள்ளி புள்ளியாகப் பொரியும், இல்லையென்றால் 'நோ சிக்னல்' என்று நிற்கும்.

உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: "இது பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு வாங்கிடலாம்." 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு அந்தக் குரல் இன்னும் பலமாகவே கேட்கிறது. வட்டியில்லா இஎம்ஐ விளம்பரங்களும் சேர்ந்துகொள்கின்றன.

வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: அந்த டிவியில் பழசானது எது? பெரும்பாலான வீடுகளில் பழசானது திரை இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பாகம்தான்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலை

டிவிக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஆண்டெனாவிலோ கேபிளிலோ வரும் சிக்னலைப் பிடித்து, அதிலிருந்து ஒரு சேனலைப் பிரித்தெடுப்பது. இதைச் செய்வது ட்யூனர். இரண்டாவது, அந்தப் படத்தைத் திரையில் காட்டுவது. இதைச் செய்வது பிக்சர் டியூப் அல்லது பேனல்.

பழைய டிவியின் ட்யூனருக்கு அனலாக் சிக்னல் மட்டும்தான் தெரியும். இன்று வருவது டிஜிட்டல் சிக்னல். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஜப்பானியப் புத்தகத்தைக் கொடுத்த மாதிரி அது திருதிருவென முழிக்கிறது. திரைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. படத்தை யாராவது பிரித்துக் கொடுத்தால் அது பாட்டுக்குக் காட்டும்.

அப்படிப் பிரித்துக் கொடுக்கும் வேலையைத்தான் செட்டாப் பாக்ஸ் செய்கிறது. அதை டிவிக்கு வெளியே வைத்த ட்யூனர் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

அனலாக் எப்போது போனது?

இந்தக் கதையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. கட்டணச் சேனல் பார்க்கப் பெட்டி கட்டாயம் என்ற 'காஸ்' முறை 2003 செப்டம்பரிலேயே சென்னையில் நடைமுறைக்கு வந்தது. மற்ற பெருநகரங்கள் அப்போது தயங்கி நின்றன.

2011-ல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுக்க நான்கு கட்டங்களாக டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று முடிவானது. பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. கடைசிக் கட்டத்தில் இருந்த சிற்றூர்களுக்கும் கிராமங்களுக்கும் 2017 மார்ச் 31. சென்னையில் வழக்குகளால் இழுபறி ஆனது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். அதன் பிறகு சந்தாதாரர்களுக்கு இலவசமாகப் பெட்டி கொடுக்கும் வேலை தொடங்கியது.

மொட்டைமாடி ஆண்டெனாவில் தூர்தர்ஷன் பார்த்த காலமும் முடிந்துவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான சில இடங்களைத் தவிர, தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக மூடுவதாக பிரசார் பாரதி அறிவித்தது.

ஆக, 2010-ல் வாங்கிய டிவியின் ட்யூனருக்கு ஏழெட்டு வருஷத்திலேயே வேலை போய்விட்டது. பேனலுக்கு அப்போது பாதி ஆயுள்கூட முடிந்திருக்காது.

முதலில் டிவியின் முதுகைப் பாருங்கள்

எந்தப் பெட்டி வாங்குவது என்று யோசிக்கும் முன் டிவியைத் திருப்பி, பின்னால் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல படம் கிடைக்கும் என்பது அதைப் பொறுத்ததுதான்.

எச்டிஎம்ஐ: தட்டையான, சற்றே சரிந்த ஓரங்கள் கொண்ட துளை. இது இருந்தால் கவலையே வேண்டாம். எச்டி பெட்டி, ஸ்ட்ரீமிங் ஸ்டிக் எதுவானாலும் நேரடியாகப் போடலாம். படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும். 2000-களின் பிற்பகுதியில் வந்த எல்சிடி, பிளாஸ்மா டிவிகள் பெரும்பாலானவற்றில் ஒன்றாவது இருக்கும்.

டிவிஐ: அதற்கும் முந்தைய சில உயர்ரக டிவிகளில் வெள்ளை நிறத்தில் அகலமான துளை இருக்கும். எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் போட்டால் படம் வரும். ஒலி வராது. அதற்குச் சிவப்பு, வெள்ளை ஆடியோ கேபிள் தனியாகப் போட வேண்டும்.

காம்பொனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளைகள். எச்டி படத்தைக்கூடத் தாங்கும் இணைப்பு இது. சிக்கல் என்னவென்றால், இப்போது வரும் பெட்டிகளில் இதற்கான வெளியீடு அநேகமாக இருப்பதில்லை.

ஏவி: மஞ்சள், சிவப்பு, வெள்ளை. ட்யூப் டிவிகளில் நிச்சயம் இருக்கும். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் ஒலி. சாதாரண எஸ்டி தரம்தான் கிடைக்கும். ஆனால் 29 இன்ச் ட்ரினிட்ரான் மாதிரியான ட்யூப் டிவி எஸ்டி படத்துக்காகவே செய்யப்பட்டது என்பதால் அதில் உறுத்தாது.

ஆண்டெனா துளை மட்டும்: மிகப் பழைய டிவிகளில் இதுதான் இருக்கும். ஆர்.எஃப் மாடுலேட்டர் என்ற சின்னக் கருவி ஏவி சிக்னலை ஆண்டெனா சிக்னலாக மாற்றித் தரும். படம் சுமாராகத்தான் இருக்கும். இதற்குமேல் செலவு செய்வது வீண்.

எந்தப் பெட்டி?

கேபிள் வேண்டுமா, டிடிஎச் வேண்டுமா என்பது வீட்டில் என்ன சேனல் பார்க்கிறார்கள், மழை நாளில் எது தாங்கும், கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் எச்டி பெட்டி கேளுங்கள்.

எஸ்டி படத்தில் மொத்தம் 576 வரிகள்தான். ஃபுல் எச்டி பேனலில் 1,080 வரிகள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிய திரையில் ஒட்டினால் முகமெல்லாம் மெழுகு பூசியது போலத் தெரியும். 'டிவி மங்கிப் போச்சு' என்று பலர் முடிவு கட்டுவது இதைப் பார்த்துத்தான். எச்டி பெட்டி போட்டு, எச்டி சேனல் வைத்துப் பார்த்தால் அதே டிவி வேறு மாதிரி தெரியும். அப்படிப் பார்க்காமல் டிவியை விற்கவே கூடாது.

மாதச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கியது. டிஷ், பெட்டி, பொருத்தும் கூலி என ஒருமுறைச் செலவு பொதுவாக இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும். அதன் பிறகு மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் வரும். கட்டணச் சேனல்கள் வராது. தினமும் சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது மட்டும் போதாது. வாங்கும்போது எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குவது நல்லது. எம்பெக்-2 மட்டும் தெரிந்த பெட்டியில் சில சேனல்கள் வராது.

ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். டிவி 'ஸ்மார்ட்' ஆக வேண்டிய அவசியமே இல்லை, எச்டிஎம்ஐ இருந்தால் சரி. 4கே படத்துக்குத்தான் புதிய வகைக் காப்புரிமைப் பூட்டு தேவை. ஃபுல் எச்டி அளவில் பழைய டிவியிலும் ஓடும்.

ஏவி மட்டும் உள்ள டிவிக்கு எச்டிஎம்ஐ-ஏவி கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் இதைக் கேட்கும்போது ஜாக்கிரதை. எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு மாற்றுவது ஒன்று, ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவது இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. உங்களுக்கு வேண்டியது, எச்டிஎம்ஐ உள்ளே போய் ஏவி வெளியே வருவது. அதற்கு யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இணைத்த பிறகும் சரியாக வரவில்லையா?

திரை கறுப்பாகவே இருக்கிறது: சில பழைய டிவிகளுக்கு 1080பி சிக்னல் புரியாது, 720பி அல்லது 1080ஐ வரைதான் ஏற்கும். பெட்டியை முதலில் வேறொரு டிவியில் இணைத்து, அமைப்புகளில் வெளியீட்டைக் குறைத்துவிட்டு இங்கே போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் காப்புரிமைப் பூட்டு ஒத்துப்போகாமல் இருக்கலாம். மலிவான கன்வெர்ட்டர்களில் இது அடிக்கடி நடக்கும்.

ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிகிறார்கள்: பெட்டி 16:9 படம் அனுப்புகிறது, டிவி 4:3. பெட்டியின் மெனுவில் டிவி வகையை 4:3 என்றும், லெட்டர்பாக்ஸ் என்றும் மாற்றினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு முகங்கள் சரியாகும்.

ஏவி-யில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது ஒலி மட்டும் இரைகிறது: சில பெட்டிகளில் ஹெட்போன் துளை மாதிரி ஒரே ஏவி துளை இருக்கும். அதற்கான கேபிளில் உள் இணைப்பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியோடு வந்த கேபிளைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளையை இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். வண்ணம் மட்டும் வரவில்லை என்றால் பெட்டியில் 'என்டிஎஸ்சி' என்று இருக்கிறதா பார்த்து 'பால்' முறைக்கு மாற்றுங்கள்.

பிளாஸ்மா டிவியில் சேனல் லோகோ நிழலாகத் தங்குகிறது: ஒரே செய்திச் சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால் இப்படி ஆகும். அவ்வப்போது சேனலை மாற்றுங்கள், கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. என்ன ஆனாலும் ட்யூப் டிவியின் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிஷ் வைத்த வீடுகளில் இடி மின்னல் நேரத்தில் பெட்டியின் ஒயரையும் கழற்றிவிடுவது நல்லது.

எப்போது புது டிவியே சரி?

பழசைக் கட்டி அழ வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்று சூழ்நிலைகளில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

முதலாவது, பேனல் போயிருந்தால். திரையில் கோடுகள், பாதித் திரை இருட்டு என்றால் பேனலே பழுது, செலவு கட்டுப்படியாகாது. ஆனால் டிவி ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, ஆகி ஆகி அணைகிறது என்றால் பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றுவது சின்ன வேலை. நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, மின்சாரம். 42 இன்ச் பிளாஸ்மா 250 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். அதே அளவு எல்இடி டிவி 80 வாட் என்றால் 24 யூனிட்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால், அதில் முக்கால் பங்கை ஒரு பிளாஸ்மாவே சாப்பிட்டுவிடும். 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஏசி வீட்டில் இந்த 51 யூனிட் வித்தியாசம் பில்லையே வேறு கணக்குக்குத் தள்ளிவிடலாம். டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் வாட் அளவு இருக்கும், பார்த்துக் கணக்குப் போடுங்கள். எல்சிடி, ட்யூப் டிவிகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வராது.

மூன்றாவது, தேவை மாறியிருந்தால். கேமிங், 4கே, பெரிய திரை என்று வீட்டின் ஆசை வளர்ந்திருந்தால் பழைய டிவியால் ஈடுகட்ட முடியாது. அப்போதும் பழையதை அம்மா அறைக்கோ ஊர் வீட்டுக்கோ ஒரு பெட்டியோடு அனுப்பலாம்.

பெட்டிக்குள் இருக்கும் பூட்டு

இதுவரை சொன்னது வீட்டில் செய்ய வேண்டியது. அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

"என் டிவியில் டிஜிட்டல் ட்யூனிங் என்று மெனுவே இருக்கிறதே, அப்புறம் ஏன் பெட்டி?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டிஜிட்டல் ட்யூனர் உள்ள டிவியால்கூட இங்கே கேபிள் சேனலைக் காட்ட முடியாது. காரணம், சேனல்கள் பூட்டி அனுப்பப்படுகின்றன. சாவி அந்தந்த நிறுவனத்தின் பெட்டிக்குள்ளும் அதன் கார்டுக்குள்ளும் இருக்கிறது. ட்யூனர் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம், சாவி ஒருவரிடம்தான்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டிவியின் பக்கவாட்டில் ஒரு பொதுச் செருகுதுளை, அதில் நிறுவனம் தரும் சாவி அட்டையைச் செருகினால் போதும். தனிப் பெட்டி வேண்டாம், தனி ரிமோட் வேண்டாம். இந்தியாவிலும் 2020 ஏப்ரலில் டிராய் இதே திசையில் பரிந்துரை செய்தது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் ஒரே பெட்டி உதவ வேண்டும், டிவிகளிலேயே யுஎஸ்பி வடிவில் பொது இணைப்பு கட்டாயமாக வேண்டும் என்றது. ஆனால் இன்றைக்கும் டிடிஎச் கம்பெனியை மாற்றினால் பெட்டியும் மாறுகிறது. பழைய பெட்டி பரணுக்குப் போகிறது.

செயற்கைக்கோள் ட்யூனரை டிவிக்குள்ளேயே வைப்பதற்கான தர நிர்ணயத்தை இந்திய தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18112:2022 என்ற பெயரில் கொண்டுவந்தது. டிஷ் மட்டும் வைத்தால் பெட்டி இல்லாமலே இலவசச் சேனல்கள் வரும் என்பது அதன் பயன். நல்ல முயற்சிதான். ஆனால் அது இனி வாங்கும் டிவிக்கு, அதுவும் இலவசச் சேனலுக்கு. கட்டணச் சேனலின் பூட்டு அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டிவிகளுக்கும் அதில் ஒன்றுமில்லை.

டிராயின் பரிந்துரையைத் தூசி தட்டி எடுக்க வேண்டிய நேரம் இது. சந்தையில் யார் வேண்டுமானாலும் பெட்டி விற்கலாம், சந்தாதாரர் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம், கம்பெனி சாவியை மட்டும் கொடுத்தால் போதும் என்ற நிலை வந்தால் இரண்டு நன்மை. கம்பெனி மாறும்போது பெட்டிக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டாம். ஏவி துளை மட்டும் உள்ள டிவிக்கும் எச்டி பேனலுக்கும் பொருத்தமான பெட்டிகளைச் சந்தையே தயாரிக்கும்.

இன்றைய ஸ்மார்ட் டிவிக்கும் இதே கதை

'இது பழைய டிவி வைத்திருப்பவர்கள் பிரச்சினை' என்று நினைத்தால் தவறு. அனலாக் ட்யூனருக்கு நடந்தது இப்போது ஆப்களுக்கு நடக்கிறது. அமெரிக்கா, கனடாவில் விற்பனையான சாம்சங்கின் 2010, 2011 மாடல் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் 2019 டிசம்பரோடு நெட்ஃப்ளிக்ஸ் நின்றுபோனது. பேனல் நன்றாகத்தான் இருந்தது. மென்பொருளுக்கு வயதாகிவிட்டது. தீர்வும் இதேதான்: எச்டிஎம்ஐ-யில் ஒரு ஸ்டிக்.

அதனால் புது டிவி வாங்கும்போது எத்தனை ஆப் இருக்கிறது என்பதைவிட, பேனல் எப்படி, எச்டிஎம்ஐ துளைகள் எத்தனை, எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். கடைக்காரரால் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதை டிவி பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் விதி வர வேண்டும்.

தூக்கிப் போட்டால் எங்கே போகும்?

ட்யூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி டிவிகளின் உள்விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. காயலான் கடையில் உடைத்து, செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பைமேட்டில் கொட்டினால் அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும். உடைப்பவரின் கைக்கும் மூச்சுக்கும் போகும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. எனவே உண்மையிலேயே ஆயுள் முடிந்த டிவியை, தயாரித்த கம்பெனியின் சேகரிப்பு மையம் எங்கே என்று விசாரித்து அங்கேயோ, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் அது எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை சின்னதுதான். நண்பர் வீட்டிலிருந்து ஒரு எச்டி பெட்டியையோ ஸ்டிக்கையோ ஒரு மாலை கடன் வாங்கி, பழைய டிவியில் சொருகி, ரிமோட்டில் இன்புட்டை மாற்றி, ஒரு நல்ல எச்டி படத்தை ஓடவிட்டு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். படம் பிடித்திருந்தால் செலவு ஒரு பெட்டியோடு முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் எதற்காகப் புது டிவி வாங்குகிறீர்கள் என்பதாவது தெளிவாகிவிடும்.